ஓடும்போது மார்பைத் தாங்குவது எது? ஸ்போர்ட்ஸ் பிரா தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடத் தொடங்கும் பெண்ணுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, நல்ல ஷூ வாங்கு என்பதுதான். நல்ல யோசனைதான். ஆனால் பாதத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியையாவது மார்புக்குக் காட்டுகிறோமா? ஷூ கடையில் அரை மணி நேரம் நடந்து பார்த்து வாங்குகிறவர், ஸ்போர்ட்ஸ் பிராவை மட்டும் தள்ளுபடிக் கூடையிலிருந்து எம் என்றோ எல் என்றோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். போட்டுப் பார்ப்பதில்லை. நன்றாக இறுக்கினால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்.

இறுக்குவது வேறு, தாங்குவது வேறு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், எந்த பிராவை எடுப்பது, எதைத் திருப்பி வைப்பது என்பது தானாகவே விளங்கிவிடும்.

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சற்று நேரம் நின்று, ஓடுகிற பெண்களைக் கவனியுங்கள். சிலருடைய முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும். தோள்கள் முன்பக்கம் கவிந்திருக்கும். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு அருகிலேயே நிற்கும். பின்னால் வீசப்படுவதே இல்லை. கால்கள் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கும். பார்ப்பவர்கள் அந்தப் பெண்ணுக்கு ஓடத் தெரியவில்லை என்பார்கள். உண்மையில் அவர் தன் மார்பைக் கைகளாலேயே தாங்கிக்கொண்டு ஓடுகிறார். பிரா செய்ய வேண்டிய வேலையைத் தோளும் கையும் செய்துகொண்டிருக்கின்றன.

உடலுக்குள் நடப்பது என்ன?

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளுமே இருக்கின்றன. அதன் பின்னால் நெஞ்சுத் தசை இருக்கிறது என்றாலும், அது மார்பகத்தைத் தூக்கிப் பிடிப்பதில்லை. வெளியே தோலும், உள்ளே கூப்பர் தசைநார்கள் எனப்படும் மெல்லிய இழைகளுமே அதன் பிடிமானம். இவை ஓட்டத்தின் குலுக்கலைத் தாங்குவதற்கு ஏற்ற வலுவான அமைப்புகள் அல்ல. அதனால்தான் வெளியிலிருந்து ஒரு தாங்கல் தேவைப்படுகிறது. உடற்பயிற்சி செய்து நெஞ்சுத் தசையை வலுவாக்கினால் பிரா தேவைப்படாது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமே ஆடுகிறது என்று நாம் நினைக்கிறோம். மொத்த அசைவில் ஏறத்தாழ பாதிதான் அப்படி. மீதி, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாகவும் நடக்கிறது. மூன்றும் சேர்ந்து, ஒவ்வோர் அடிக்கும் மார்பகம் 8 வடிவத்தில் சுழல்கிறது. உடல் மேலே எழும் நொடியில் மார்பகம் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். உடல் இறங்கும்போது அது மேலே இருக்கும். இந்தக் காலப் பிசகில்தான் தோல் இழுபடுகிறது, வலி வருகிறது. சிறிய மார்பகத்துக்கும் இந்த அசைவு உண்டு. ‘எனக்கு இருப்பதற்கு ஸ்போர்ட்ஸ் பிரா எதற்கு?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 லண்டன் மராத்தானில் கலந்துகொண்ட சுமார் 1,300 பெண்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மார்பக வலி இருப்பதாகச் சொன்னார்கள். 42 கிலோமீட்டர் ஓடப் பயிற்சி எடுத்தவர்களுக்கே இந்த நிலை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2022இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. கூடுதல் தாங்கல் தரும் பிரா அணிந்தபோது, அதே வேகத்தில் ஓடப் பெண்களுக்குக் குறைவான ஆக்சிஜனே தேவைப்பட்டது. அதாவது, சரியான பிரா வலியைக் குறைப்பதோடு, ஓடுவதற்கு உடல் செலவிடும் சக்தியையும் குறைக்கிறது.

இந்த ஆடையே வெகு காலத்துக்கு முந்தையது அல்ல. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உள்ளாடைகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து உருவாக்கியதே முதல் ஸ்போர்ட்ஸ் பிராவாகக் கருதப்படுகிறது. சிங்கப்பூரின் கே. ஜெயமணி, 1983 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான மராத்தானில் தங்கம் வென்றபோது அந்தக் கண்டுபிடிப்புக்கு ஆறு வயது. இன்று நமக்குக் கடை நிறைய வகைகள் இருக்கின்றன. அவற்றில் நமக்கு உரியதைக் கண்டுபிடிக்கும் வேலைதான் பாக்கி.

முதல் படி: அளவெடுங்கள்

துணி தைக்கும் இன்ச் டேப் ஒன்று போதும். மெல்லிய, பஞ்சு வைக்காத பிரா அணிந்துகொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, மார்பகத்துக்குச் சற்றுக் கீழே, விலாவைச் சுற்றி டேப்பைப் பிடியுங்கள். முதுகுப் பக்கம் டேப் மேலே ஏறிவிடாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். இது கீழ்ச்சுற்றளவு. அடுத்து, மார்பின் மிகவும் எடுப்பான பகுதியைச் சுற்றி, அழுத்தாமல் அளவெடுங்கள். இது மேல்சுற்றளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கப் அளவைத் தீர்மானிக்கிறது.

சிங்கப்பூர்க் கடைகளில் குழப்பம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். ஒரு பிராண்டில் 75 என்று இருக்கும், இன்னொன்றில் 34 என்று இருக்கும். 75 என்பது கீழ்ச்சுற்றளவைச் சென்டிமீட்டரில் சொல்வது. 34 என்பது இன்ச் அளவோடு சில இன்ச் கூட்டிச் சொல்லும் பழைய முறையிலிருந்து வந்தது. பொதுவாக 70 என்பது 32க்கும், 75 என்பது 34க்கும், 80 என்பது 36க்கும் சமம். ஜப்பானிய முறையில் மேல், கீழ் சுற்றளவுகளின் வித்தியாசம் 10 செ.மீ. என்றால் ஏ கப், 12.5 என்றால் பி, 15 என்றால் சி, 17.5 என்றால் டி. பிரிட்டிஷ், அமெரிக்க பிராண்டுகளின் கணக்கு வேறு. ஆகவே ஒரு பிராண்டில் கிடைத்த எழுத்தை இன்னொரு பிராண்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். அந்தந்த பிராண்டின் அளவுப் பட்டியலில் உங்கள் இரண்டு சுற்றளவுகளையும் வைத்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு முன்பு தெரிந்துகொண்ட அளவையே ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் நம்மில் ஏராளம். எடை கூடினாலும் குறைந்தாலும், பிள்ளை பெற்றாலும், பால் கொடுப்பதை நிறுத்தினாலும், மாதவிடாய் நின்றாலும் அளவு மாறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்கு மார்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுங்கள்.

இரண்டாம் படி: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்போர்ட்ஸ் பிராக்களில் அடிப்படை வகைகள் இரண்டு. ஒன்று, இரண்டு மார்பகங்களையும் சேர்த்து நெஞ்சோடு அழுத்திப் பிடிப்பது. தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் பனியன் மாதிரியான பிராக்கள் பெரும்பாலும் இந்த வகை. மற்றொன்று, ஒவ்வொரு மார்பகத்துக்கும் தனித்தனிக் கப் வைத்துத் தாங்குவது. இரண்டையும் இணைத்தவையும் உண்டு.

ஏ, பி கப் அணிகிறவர்களுக்கு அழுத்தும் வகை ஓட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். சி, அதற்கு மேல் என்றால் தனிக் கப் வகையையோ இரண்டும் இணைந்த வகையையோ தேடுங்கள். அழுத்தும் பிராவில் பெரிய மார்பகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பாரமாகச் சேர்ந்து ஆடும். நடுவில் வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பிரா போட்டு ஓடுகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த உழைப்பை ஒரே ஒரு சரியான பிரா செய்துவிடும். இரண்டு அடுக்கு துணி நம் ஊர் வெயிலில் உடலுக்குத் தண்டனைதான்.

எஸ், எம், எல் என்று மட்டும் அளவு போட்ட பிராவை ஓட்டத்துக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே எம் அளவு, 32 டி அணிகிறவருக்கும் 36 ஏ அணிகிறவருக்கும் எப்படிப் பொருந்தும்? விலாவைச் சுற்றிவரும் கீழ்ப்பட்டையின் அளவும் கப் அளவும் தனித்தனியாக எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பின்பக்கம் கொக்கி இருப்பது மிகப் பெரிய வசதி. விளையாட்டரங்கின் உடைமாற்றும் அறையில், வியர்வையில் ஊறிய பனியன் வகை பிராவைத் தலைவழியாகக் கழற்ற முயன்று, இரண்டு முழங்கைகளும் காதுக்கு மேலே மாட்டிக்கொண்டு நிற்கும் அவஸ்தையைப் பட்டவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கொக்கி இருந்தால் எலாஸ்டிக் தளரும்போது ஒரு வரிசை உள்ளே மாட்டி இறுக்கிக்கொள்ளலாம். ஸ்ட்ராப் அகலமாகவும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். தடித்த பஞ்சு வேண்டாம். அது வியர்வையை உறிஞ்சிக் கனத்துப்போகும்.

மூன்றாம் படி: போட்டுப் பார்க்கும் அறையில்

அவசரப்படாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

முதலில் கீழ்ப்பட்டை. தாங்கலின் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது, ஸ்ட்ராப்பிலிருந்து அல்ல. புது பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டுங்கள். அந்த வரிசையிலேயே பட்டை உறுதியாக உட்கார வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கை முழுவதும் நுழைந்தால் பெரிது. பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பாருங்கள். பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? முதுகில் வளைந்து மேலே ஏறியிருந்தால் அது தளர்வு. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். பட்டை இடம் நகர்ந்து மார்பின்மேல் ஏறக் கூடாது.

பிறகு மூச்சை ஆழமாக இழுங்கள். விலா விரியும்போது பட்டை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். பட்டை அளவுக்கு மீறி இறுகினால், ஓடும்போது மூச்சு விடுவதற்கே உடல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பிராவுக்குள் அசைவே இருக்கக் கூடாது என்று மூச்சை அடக்கும் அளவுக்கு இறுக்குகிறவர்கள், ஒரு கையால் பெற்ற பயனை மறு கையால் இழக்கிறார்கள்.

அடுத்து கப். பிராவுக்குள் கைவிட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையையும் முன்னுக்குக் கொண்டுவந்து கப்பில் சரியாக அமர்த்துங்கள். இதைப் பலர் செய்வதே இல்லை. இப்போது மேல் விளிம்பிலோ அக்குள் ஓரத்திலோ சதை பிதுங்கினால் கப் சிறிது. துணி சுருங்கி மடிந்தால் கப் பெரிது. கம்பி வைத்த பிரா என்றால், கம்பி விலாவின்மீது அமர வேண்டும், மார்பகத்தின்மேல் ஏறக் கூடாது. இரண்டு கப்புகளுக்கும் நடுவிலுள்ள பகுதி நெஞ்செலும்போடு படிந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ராப் கடைசியில். தோளில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். தோளில் பள்ளம் விழுந்தால், பெரும்பாலும் ஸ்ட்ராப்பின் குற்றம் அல்ல. கீழ்ப்பட்டை தளர்ந்திருப்பதால் பாரம் முழுவதும் தோளுக்குப் போயிருக்கிறது. ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்து இறுக்குவதால் கழுத்தும் தோளும்தான் வலிக்கும்.

பட்டை தளர்கிறது, கப் மட்டும் பொருந்துகிறது என்றால் பட்டையில் ஓர் அளவு குறைத்து, கப்பில் ஓர் எழுத்து கூட்டுங்கள். பட்டை இறுகினால் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். 34 சி அணிந்து பட்டை தளர்ந்தால் 32 டி. இறுகினால் 36 பி. கப்பின் கொள்ளளவு மாறாது.

கடைசியாக, அறைக்குள்ளேயே குதித்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அரை நிமிடம் ஓடுங்கள். இதற்குத்தான் நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வந்த தங்கை ஒருத்தியுடன் கடைக்குப் போயிருந்தேன். “அக்கா, வெளியே இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காதா?” என்று திரைக்கு உள்ளிருந்து கேட்டாள். “கேட்கட்டும் அம்மா, நீ குதி” என்றேன். குதித்தாள். முதலில் போட்டது கண்ணாடியில் பார்க்க அழகாக இருந்தது. குதித்தபோது பட்டை இரண்டு விரல் மேலேறிவிட்டது. அடுத்த அளவு நகராமல் நின்றது. கண்ணாடி மட்டும் பார்த்திருந்தால் அவள் முதலாவதைத்தான் வாங்கியிருப்பாள்.

நான்காம் படி: முதல் ஓட்டம்

விலைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முதல் ஓட்டம் இருபது, முப்பது நிமிடம் போதும். வீட்டுக்கு அருகிலுள்ள பூங்கா இணைப்புப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அசௌகரியமாக இருந்தால் உடனே திரும்பிவிடலாம். மெக்ரிட்சி காட்டுப் பாதையில் பாதி தூரம் போன பிறகு பட்டை அறுக்கத் தொடங்கினால், திரும்பி வரும் வழி நெடுகிலும் அந்த வேதனைதான்.

ஓடும்போது மூன்றைக் கவனியுங்கள். கைகள் விலாவை விட்டு விலகி, பின்னால் தாராளமாக வீசுகின்றனவா? தோள்கள் காதை நோக்கி ஏறாமல் இறங்கியிருக்கின்றனவா? ஓர் இறக்கத்திலோ மேம்பாலப் படிகளிலோ இறங்கும்போது, உங்களை அறியாமல் வேகத்தைக் குறைத்துக் கையை மார்புக்குக் கொண்டுபோகிறீர்களா? தோழியிடம் கைப்பேசியைக் கொடுத்து, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு சிறு காணொளி எடுக்கச் சொல்லுங்கள். பழைய பிராவோடு ஒன்று, புதியதோடு ஒன்று. கைவீச்சில் தெரியும் வித்தியாசம் வேறு எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாக இருக்கும்.

வீடு திரும்பியதும் குளிக்கும் முன் கண்ணாடியில் தோலைப் பாருங்கள். பட்டை இருந்த இடத்தில் இளஞ்சிவப்புக் கோடு விழுந்து, சற்று நேரத்தில் மறைந்துவிட்டால் பரவாயில்லை. தோல் உரிந்திருந்தாலோ தண்ணீர் பட்டதும் எரிந்தாலோ அந்த இடத்தில் பிரா உரசுகிறது. சிங்கப்பூரில் இது கூடுதல் தொல்லை. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது. வியர்வை ஆவியாகாமல் துணியிலேயே நிற்கிறது. ஈரத் துணியும் உப்பும் சேர்ந்து தோலைத் தேய்க்கின்றன. ஓடப் புறப்படும் முன் கீழ்ப்பட்டை படும் இடத்திலும், அக்குள் ஓரத்திலும், கொக்கிக்கு அடியிலும் வேஸ்லினை மெல்லியதாகத் தடவுங்கள். பருத்தி பிரா வேண்டாம். பருத்தி நல்லது என்பது சேலைக்கும் சட்டைக்கும் சரி. ஓட்டத்தில் அது ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். தலைத்துணியும் நீளக்கைச் சட்டையும் அணிந்து ஓடும் முஸ்லிம் சகோதரிகளுக்கு மேலே ஏற்கெனவே ஓர் அடுக்கு இருப்பதால், உள்ளே வலைத்துணி வைத்த, விரைவில் உலரும் பிரா இன்னும் முக்கியம்.

மகள்களுக்காக ஒரு வார்த்தை

பிரிட்டனில் 11 முதல் 18 வயதுவரையிலான 2,089 மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும் பங்கெடுப்பதை மார்பகம் ஏதாவது ஒரு விதத்தில் பாதிக்கிறது என்று அவர்களில் 46 விழுக்காட்டினர் சொன்னார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கா? உயர்நிலைப் பள்ளி உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. வகுப்புத் தோழர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். சட்டைக்குள் ஏதோ ஆடுகிறது என்ற கூச்சத்தில் ஒரு பெண்பிள்ளை வயிற்றுவலி என்று பொய் சொல்லி உட்கார்ந்துகொள்கிறாள். நாளடைவில் தனக்கு விளையாட்டு வராது என்றே முடிவுகட்டிவிடுகிறாள். அம்மாக்களே, அவள் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளிச் சீருடையும் ஷூவும் வாங்கும் நாளிலேயே இதையும் வாங்குங்கள். வளரும் வயதில் அளவு விரைவில் மாறும். விலை உயர்ந்த ஒன்றைவிட, பொருத்தமான, நடுத்தர விலைப் பிரா ஒன்றை வாங்கி, அடிக்கடி அளவு பார்ப்பது நல்லது. பிள்ளையை வளர்க்கும் அப்பாக்களும் இந்தச் செலவை ஆடம்பரமாக எண்ண வேண்டாம்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் ஓடுவதற்குச் சற்று முன் குழந்தைக்குக் கொடுத்துவிட்டோ பாலைக் கறந்துவிட்டோ புறப்படுங்கள். ஓடி முடித்ததும் இறுக்கமான பிராவைக் கழற்றிவிடுங்கள். நீண்ட நேர அழுத்தத்தால் பால் கட்டிக்கொள்ளக்கூடும். மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே பிரா வாங்க வேண்டும்.

பொருத்தமான பிரா அணிந்தும் ஒரே இடத்தில் வலி நீடித்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ ஓட்டத்தின்மேல் பழியைப் போட்டுத் தள்ளிப்போடாதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு உடனே போங்கள். சிங்கப்பூரில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 50 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: துவைப்பதும் மாற்றுவதும்

ஓடி வந்ததும் பிராவைப் பையிலேயே சுருட்டி வைக்காதீர்கள். உப்பும் வியர்வையும் எலாஸ்டிக்கை அரிக்கும். உடனே குளிர்ந்த நீரில் அலசுங்கள். இயந்திரத்தில் போடுவதானால் கொக்கியை மாட்டி, வலைப்பையில் இட்டுப் போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது வியர்வையை வெளியேற்றும் இழைகளை அடைத்துவிடும். உலர்த்தும் இயந்திரத்தின் சூடும் எலாஸ்டிக்குக்கு எதிரி. ஸ்ட்ராப்பைப் பிடித்துத் தொங்கவிடாமல், மூங்கில் கழியிலோ கொடியிலோ நடுப்பகுதி படும்படி குறுக்காகப் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் ஒன்று காய இரண்டு நாள்கூட ஆகும். வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறவருக்குக் குறைந்தது இரண்டு பிராவாவது வேண்டும்.

கடைசி வரிசைக் கொக்கியில் தொடங்கிய நீங்கள் மிக உள்வரிசைக்கு வந்த பிறகும் பட்டை முதுகில் ஏறினால், அந்த பிரா முடிந்துவிட்டது. பட்டையை இழுத்து விட்டால் சட்டென்று திரும்பாமல் தளர்ந்து நிற்பதும், பழைய ஆட்டமும் பழைய வலியும் திரும்புவதும் அதே செய்திதான். தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் இந்த நிலை வரும். துணி கிழியவில்லையே என்று வைத்திருக்காதீர்கள். நடைப்பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

டிசம்பர் மராத்தானுக்கோ பெண்கள் மட்டும் ஓடும் போட்டிக்கோ பெயர் கொடுத்திருந்தால், புது பிராவை ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். உங்கள் மிக நீண்ட பயிற்சி ஓட்டத்தில் ஒருமுறையாவது அதை அணிந்திருக்க வேண்டும். போட்டி நாளன்று அணிய எடுத்து வைக்கும் பிரா, ஏற்கெனவே சில முறை துவைத்துக் காய்ந்ததாக இருக்கட்டும்.